புதுப்பிப்பு: தம்பியின் கால் ஓயாத தவிப்பு

மனநோய்க்குத் தரும் ரிஸ்பெரிடோன் மாத்திரையின் அளவைக் கூட்டியதிலிருந்து தம்பியால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, நோய்தான் முற்றுகிறதோ என்று போன வாரம் கேட்டிருந்தேன். நோய் இல்லை. அகதிசியா என்ற, ஓரிடத்தில் இருக்கவிடாத தவிப்பு; அந்த மாத்திரையின் பக்கவிளைவாம். சாப்பிடும்போதுகூட எழுந்து எழுந்து நடப்பான், நின்றால் கால் மாற்றி மாற்றி மிதிப்பான். அது தெரியாமல் அவனை அதட்டியதை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. மருத்துவர் அளவைக் குறைத்து, தவிப்பு தணிய புரோப்ரனோலால் என்ற மாத்திரையையும் சேர்த்தார். நேற்று ராத்திரி எழாமல் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தான்!

மாத்திரையை நிறுத்திவிடச் சொன்னவர்களுக்கு: நாமாகத் திடீரென நிறுத்தினால் நோய் திரும்பும் ஆபத்து அதிகம். தயவுசெய்து வேண்டாம். அப்புறம், ரிஸ்பெரிடோன் சாப்பிடுபவர்களுக்கு எடை, ரத்தச் சர்க்கரை, ரத்தக் கொழுப்பு மூன்றையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். வாயோ நாக்கோ தானாக அசைந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கடும் காய்ச்சலோடு உடம்பு விறைத்தால் நேரே அவசரப் பிரிவுதான்.