கிளாட் லாஜிக்கல் ரீசனிங்: உங்களுக்கு எது கைகொடுத்தது?

சத்துணவு வீட்டுப் பெண்:

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான நுழைவுத் தேர்வான கிளாட் எழுதி, இப்போது சட்டம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அதில் வாதங்களை அலசும் லாஜிக்கல் ரீசனிங் பகுதிக்குப் படித்தபோது, எனக்கு முதல் இரண்டு மாதம் தவறான புத்தகத்திலேயே போய்விட்டது. தெரிந்த அண்ணன் ஒருவர் கொடுத்த பழைய கைடு அது. எண் தொடர், ரத்த உறவு, வட்ட மேசையில் யாருக்குப் பக்கத்தில் யார் என்ற கணக்குகள்தான் அதில் நிறைய. 2020இலேயே கிளாட் முறை மாறிவிட்டது. இப்போது சுமார் 450 சொல் வரை ஒரு பத்தி கொடுத்து, அதிலுள்ள வாதத்தைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். கைடை முடித்த தெம்பில் இந்தப் பகுதிக்கு மட்டும் மாதிரித் தேர்வு எழுதினேன். 24 கேள்வியில் 11 சரி, 13 தவறு. தவறுக்குக் கால் மார்க் கழித்தால் 7.75. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

அதில் ஒரு கேள்வி இன்னும் நினைவிருக்கிறது. ஒரு பள்ளியில் மதிய உணவோடு முட்டை கொடுக்க ஆரம்பித்தார்கள், பிள்ளைகள் வருகை கூடியது, ஆகவே முட்டைதான் காரணம் என்கிறது பத்தி. இந்த வாதம் சொல்லாமல் நம்பியிருப்பது எது? 'முட்டை சத்தான உணவு' என்பதைக் குறித்தேன். என் அம்மா சத்துணவு அமைப்பாளர், எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு. சரியான விடை, 'அதே சமயத்தில் அந்தப் பள்ளிக்குப் புதிதாக பஸ் விடப்படவில்லை' என்பது.

அம்மாவிடம் சொன்னேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "பஸ் விட்டிருந்தா அப்புறம் முட்டையாலதான் வந்தாங்கன்னு எப்படிச் சொல்லுவ?" என்றார். எனக்கு அங்கேதான் பிடிபட்டது. விடையைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். 'பஸ் விடப்பட்டது' என்று மாற்றினால் வாதம் ஆட்டம் கண்டுவிடுகிறது. 'முட்டை சத்தானதல்ல' என்று மாற்றினாலும், பிள்ளைகள் முட்டைக்கு ஆசைப்பட்டு வந்திருக்கலாமே! வாதம் அப்படியே நிற்கிறது.

அதற்குப் பிறகு தினமும் இரண்டு பத்தி படித்து, எழுதியவர் முடிவாக என்ன சொல்கிறார், அதற்கு என்ன காரணம் காட்டுகிறார் என்று அம்மாவிடம் தமிழில் சொல்வேன். இங்கிலீஷ் பத்தியைத் தமிழில் இரண்டு வரியில் சொல்ல வராவிட்டால் எனக்கு அது புரியவில்லை என்று அர்த்தம். பிளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் இதைத் தைரியமாகச் செய்யலாம்.

தென்காசித் தங்கை:

அக்கா, எனக்கும் இதே கதைதான். நான் அமெரிக்காவின் சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வான எல்சாட் பழைய கேள்விகளையும் போட்டுப் பார்த்தேன். அங்கே 2024 ஆகஸ்டிலிருந்து யார் எங்கே, எந்த வரிசையில் என்று புதிர் போடும் லாஜிக் கேம்ஸ் பகுதியை எடுத்துவிட்டு, லாஜிக்கல் ரீசனிங் இரண்டு பகுதியாக வைக்கிறார்கள். அதில் பத்தி சின்னது, ஒவ்வொரு சொல்லுக்கும் எடை அதிகம். 'பெரும்பாலான மாவட்டங்களில் நிலத்தடி நீர் குறைந்தது' என்று பத்தியில் இருக்கும், விடையில் 'எல்லா மாவட்டங்களிலும்' என்று வரும். வேகத்தில் எத்தனை தடவை அதைக் குறித்திருக்கிறேன்! இப்போது 'சில', 'பெரும்பாலான', 'மட்டுமே' எங்கே வந்தாலும் பென்சிலால் வட்டம் போடுகிறேன். ஆனால் கிளாட்டுக்கு நீளமான பத்தியையும் பழகத்தான் வேண்டும், இது மட்டும் போதாது.

இரண்டாம் முயற்சி:

கிளாட்டில் எல்லாப் பகுதிக்கும் சேர்த்து 120 நிமிடத்தில் 120 கேள்வி, பத்தி படிக்கும் நேரமும் அதற்குள்தான். போன தடவை ஒரே பத்தியில் ஒன்பது நிமிடம் உட்கார்ந்துவிட்டேன். பதற்றத்தில் ஒரு கேள்வியைத் தாண்டி, ஓஎம்ஆர் தாளில் அதற்கு அடுத்ததெல்லாம் ஒரு வரிசை மேலேறிவிட்டது. மணி அடிக்கும்போதுதான் பார்த்தேன். இந்த வருஷம் ஒரு பத்தி முடிந்ததும் அதன் வட்டங்களை உடனே கறுக்கிவிட்டுத்தான் அடுத்த பத்திக்குப் போகிறேன். மாதிரித் தேர்வையும் வீட்டில் தாளில்தான் எழுதுகிறேன், போனில் எழுதுவதில்லை.