புதுப்பிப்பு: தோப்பில் தங்க டென்ட்டா, ஹேமக்கா?
மார்கழியில் கொள்ளிடக் கரைத் தோப்பில் தங்க டென்ட் சரியா, ஹேமக் (இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிப் படுக்கும் துணித் தூளி) சரியா என்று முன்பு கேட்டிருந்தேன். டென்ட்தான் என்று பாதிப் பேர் சொன்னீர்கள். தங்கிவிட்டு வந்தாயிற்று, என் ஓட்டு ஹேமக்குக்கு.

முதல் காரணம் தரை. மழை ஓய்ந்தாலும் டெல்டாக் களிமண் லேசில் காய்வதில்லை. நண்பனின் டென்ட் அடித்துணி விடிவதற்குள் நசநசத்துவிட்டது.

முதுகு வளையுமே என்று ஓர் அண்ணன் எழுதியிருந்தார். நேராகப் படுத்தால் வளையத்தான் செய்யும். ஹேமக்கை மரத்தோடு கட்டும் நாடாவைச் சுமார் 30 டிகிரி சாய்வில், கொஞ்சம் தொய்வாகக் கட்டி, தலையை ஒரு பக்கமும் காலை எதிர்ப்பக்கமும் தள்ளிக் குறுக்காகப் படுங்கள். உடம்பு ஏறக்குறைய மட்டமாகிவிடும்.

குளிர் அடியிலிருந்துதான் வருகிறது. ஸ்லீப்பிங் பேக் இருந்தாலும் இதே கதை: நம் எடையில் அடிப்பஞ்சு நசுங்கி, கீழே ஓடும் காற்று சூட்டை இழுத்துக்கொள்ளும். ஃபோம் பாயை உள்ளே விரித்த பிறகுதான் தூக்கமே வந்தது. துணி வழியாகக் குத்திய கொசுவும் அப்புறம் அடங்கியது. (மேலே வலை கட்டிவிட்டுக் கீழ்ப்பக்கத்தை யார் நினைக்கிறார்கள்!)

நாடா வழியே பனிநீர் இறங்காமலிருக்க, அதில் ஒரு சிறு நூலைக் கட்டித் தொங்கவிட்டால் போதும், அங்கேயே சொட்டிவிடும்.

மரம்? புளி, வேம்பு நல்லது. தென்னை வேண்டாம், தலைமேல் காயும் மட்டையும் விழும். முருங்கையில் கட்டலாமா என்று கேட்ட தம்பி, தயவுசெய்து வேண்டாம். சட்டென்று முறியும்.