கேஸ் கீசர் இருக்கும் பால்கனியைக் கண்ணாடி போட்டு மூடலாமா?

குளிர்காரி:
குன்னூரில் இரண்டாவது மாடியில் வீடு. இங்கே கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, அதனால் கேஸ் கீசர்தான், 6 லிட்டர், புகைக்குழாய் இல்லாத சாதாரண மாடல். குளியலறைக்குள் வைக்கக் கூடாது என்று ஆரம்பத்திலேயே துணி துவைக்கும் பால்கனியில் மாட்டி, சுடுதண்ணீர் பைப்பை மட்டும் உள்ளே இழுத்துவிட்டோம். நான்கு வருடம் நன்றாகத்தான் ஓடியது. போன மாதத்திலிருந்து, காற்று அடித்தால் குளித்துக்கொண்டிருக்கும்போதே தீ அணைந்து பச்சைத்தண்ணீர் கொட்டுகிறது, தலை நிறைய ஷாம்பூவோடு நின்று கத்துவது என் தினசரி வேலையாகிவிட்டது. பால்கனியை அலுமினியச் சட்டம், ஸ்லைடிங் கண்ணாடி போட்டு மூடிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். ஆள் வந்து அளவெடுத்துவிட்டார், 4 அடிக்கு 6 அடி, உயரம் 9 அடி. ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால் போதுமாம். சிலிண்டரும் அங்கேதான். குளியலறை ஜன்னலும் அந்தப் பக்கம்தான் திறக்கும். மூடலாமா?

சும்மா_ஒருவன்:
இதெல்லாம் பெரிதாகப் பயமுறுத்துகிறார்கள். எங்கள் வீட்டில் பத்து வருடமாக பாத்ரூமுக்குள்ளேயே இருக்கிறது. கதவை லேசாகத் திறந்து வைத்துக் குளிப்போம், ஒன்றும் ஆனதில்லை.

பர்னர்_அண்ணன்:
மேலே எழுதியிருக்கும் தம்பி, ஒன்றும் ஆகவில்லை என்பது உங்கள் அதிர்ஷ்டம், அதை அடுத்த வீட்டுக்குச் சிபாரிசு செய்யாதீர்கள்.

மேடம், மூடாதீர்கள். 14 வருடமாக கீசர் சர்வீஸ்தான் என் வேலை. 6 லிட்டர் கீசர் முழுத் தீயில் எரிந்தால் மணிக்கு ஒரு கிலோவை ஒட்டி கேஸ் செலவாகும். ஒரு கிலோ கேஸ் சுத்தமாக எரிய ஏறக்குறைய 12 கன மீட்டர் காற்று வேண்டும். உங்கள் பால்கனியை மூடினால் உள்ளே இருப்பது 6 கன மீட்டர்தான், அதாவது அரை மணி நேரத்துக்கான காற்று. ஆனால் அரை மணி வரை ஆபத்து காத்திருக்காது. எரிந்த புகை அதே அறைக்குள் சுற்ற, 21 சதவீதம் இருந்த ஆக்சிஜன் 18, 17 என்று இறங்கும்போதே தீ அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவைக் கக்க ஆரம்பித்துவிடும். இதுவும் சமவெளிக் கணக்குதான். உங்கள் ஊர் 6,000 அடி உயரம், காற்றின் அடர்த்தியே ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு, அதனால் அதே தீக்கு இன்னும் அதிகக் கன அளவு காற்று வேண்டும்.

அப்புறம் அந்த ஃபேன். கரண்ட் போகிறது என்றுதானே கேஸ் கீசர் வாங்கினீர்கள்? கரண்ட் போனால் ஃபேனும் நின்றுவிடும், கீசர் மட்டும் பேட்டரியில் ஜோராக எரிந்துகொண்டிருக்கும். புகைக்குப் போக வேறு வழி இல்லாமல் உங்கள் குளியலறை ஜன்னல் வழியாக உள்ளேதான் வரும். சிலிண்டர் இருப்பது இன்னொரு தலைவலி. எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும், மேலே வைத்த ஃபேன் அதைத் தொடக்கூடத் தொடாது.

நியூஜெர்சி_தமிழன்:
அண்ணன் சொல்வது சரி. இங்கே அமெரிக்காவில் உள்ள விதியையும் சொல்லிவிடுகிறேன். கீசரின் ஒவ்வொரு 1,000 பிடியூ (மணிக்கு எவ்வளவு வெப்பம் என்ற அளவு) திறனுக்கும் 50 கன அடி இடம் இருந்தால்தான் அறைக்காற்றே போதும் என்று விடுவார்கள். உங்கள் கீசர் சுமார் 40,000 பிடியூ இருக்கும், அப்படியானால் 2,000 கன அடி. உங்கள் பால்கனி 216. இடம் பற்றாவிட்டால் வெளிக்காற்றுக்கு இரண்டு திறப்பு வைக்க வேண்டும், ஒன்று கூரையிலிருந்து ஒரு அடிக்குள், இன்னொன்று தரையிலிருந்து ஒரு அடிக்குள். ஆனால் இதெல்லாம் புகைக்குழாய் வைத்த கீசருக்கு எழுதியது. உங்களுடையதில் குழாயே இல்லை, அதனால் 'இரண்டு ஓட்டை போட்டுவிட்டேன், போதும்' என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். இன்னொன்று, திறப்புக்குக் கொசுவலை அடித்தால் துணித்தூசி அடைத்து ஆறே மாதத்தில் சுவராகிவிடும்.

நைட்_டூட்டி_நர்ஸ்:
ஒரு விஷயம் மட்டும். கேஸ் கசிந்தால் நாறும், அது வேண்டுமென்றே கலந்த வாசனை. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கால் துவள்வது, இதைப் பித்தம் என்று நினைத்து இஞ்சிச்சாறு குடிப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் சித்தி மகள் குளியலறையில் மயங்கி விழுந்தபோது விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் 98 காட்டியது, எல்லோரும் நிம்மதியாகிவிட்டார்கள். சாதாரண ஆக்சிமீட்டருக்கு ஆக்சிஜன் ஒட்டிய ரத்தமும் கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ரத்தமும் ஒன்றுபோலத் தெரியும், அந்த எண்ணை நம்பவே கூடாது. கதவை உடைத்தாவது ஆளை வெளிக்காற்றுக்கு இழுத்துப் போட்டு, ஆஸ்பத்திரியில் 'கீசர்' என்ற வார்த்தையை முதலில் சொல்லுங்கள். அவளுக்கு உடனே ஆக்சிஜன் வைத்தார்கள், பிழைத்துவிட்டாள்.

குளிர்காரி:
ஐயோ, படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது. சரி, மூடவில்லை. ஆனால் தீ அணைகிறதே, அதற்கு என்ன வழி அண்ணா?

பர்னர்_அண்ணன்:
முதலில் காற்றால்தான் அணைகிறதா என்று பாருங்கள். நான்கு வருடம் ஓடியது இப்போது மட்டும் ஏன் மக்கர் செய்கிறது? பேட்டரி வீக்காக இருந்தாலும் அணையும். தொட்டியில் தண்ணீர் குறைந்து அழுத்தம் இறங்கினாலும் அணையும். சிலிண்டர் தீரும் சமயத்தில் குளிரில் கேஸ் சரியாக ஆவியாகாது, அப்போதும் தீ துவளும். சில மாடல் 20 நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும், அதிக நேரம் குளித்தால் குறை சொல்லாதீர்கள்! தீ நீலமாக எரிகிறதா, மஞ்சளாக எரிந்து கரி படிகிறதா என்றும் பாருங்கள். மஞ்சள் என்றால் அன்றே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

காற்றுதான் காரணம் என்றால், காற்று வரும் ஒரு பக்கம் மட்டும் கீசரிலிருந்து நன்றாகத் தள்ளி ஒரு தகடு மறைப்பு வையுங்கள், கீழேயும் மேலேயும் தாராளமாகத் திறந்திருக்கட்டும், மற்ற பக்கங்களைத் தொடாதீர்கள். குளிக்கும்போது குளியலறை ஜன்னலைச் சாத்திவிடுங்கள். மூடியே ஆக வேண்டும் என்று வீட்டுக்காரர் பிடிவாதம் பிடித்தால், வெளிக்காற்றைக் குழாயில் இழுத்துப் புகையையும் குழாயிலேயே வெளியே விடும் மூடிய மாடல் வாங்கச் சொல்லுங்கள். விலை அதிகம், அதற்கும் கரண்ட் வேண்டும், சிலிண்டரையும் வெளியே வைக்க வேண்டும்.

குளிர்காரி:
இப்போதுதான் பேட்டரி மூடியைத் திறந்து பார்த்தேன். பச்சை பூத்திருக்கிறது. போன தீபாவளிக்கு முந்தின தீபாவளிக்குப் போட்டது. அலுமினிய ஆளுக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது, வீட்டுக்காரரிடம்தான் இன்னும் சொல்லவில்லை.