கழுத்துக்குக் கதிர்வீச்சு எடுத்தவருக்குப் பாரிசவாதக் குறிப்பு: என்ன எழுதலாம்?

களுவாஞ்சிக்குடித் தாதி:
வாய்ப்புற்றுநோய்க்கு ஒப்பரேஷன், சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து, கழுத்துக்குக் கதிர்வீச்சு எல்லாம் முடித்து வீட்டுக்குப் போகிறவர்களுக்குப் பாரிசவாதம் பற்றி ஒரு பக்கக் குறிப்பு எழுதுகிறேன். முகம் கோணல், கை தளர்வு, பேச்சுக் குழறல் என்ற வழமையான மூன்றும் போதுமா? கை மரத்துப்போனால் அஸ்பிரின் கொடுக்கலாமா என்றும் எல்லாரும் கேட்கிறார்கள்.

வாவிக்கரை:
போதாது தங்கச்சி. தாடையில் வெட்டியவருக்கு முகம் முன்பே கோணியிருக்கும். நாக்கில் வெட்டியவருக்குப் பேச்சு முன்பே குழறும். கழுத்துக் கட்டிகளை எடுக்கும்போது தோள் நரம்பு பழுதானால் அந்தப் பக்கக் கையும் சரியாக எழும்பாது. ஆகவே துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே சிரிக்கச் சொல்லி, இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, ஒரு வசனம் கதைக்கச் சொல்லி வீட்டாரின் ஃபோனில் வீடியோ எடுத்து வையுங்கள். பிறகு புதிதாக மாறியது எது என்பதுதான் கேள்வி. திடீரென ஒரு கால் இழுபடுவது, ஒரு கண் இருள்வது, தள்ளாடுவது ஆகியவற்றையும் சேருங்கள்.

அஸ்பிரின் வேண்டவே வேண்டாம். மூளை இரத்தக்குழாயில் அடைப்பா கசிவா என்பது சீ.டி. ஸ்கான் எடுக்காமல் தெரியாது. கீமோ ஏற்றிப் பத்துப் பதினைந்து நாளில், இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் இறங்கியிருக்கலாம். விழுங்கக் கஷ்டமானவருக்குக் குளிசையும் தண்ணீரும் நுரையீரலுக்குள் போய்விடும்.

கல்முனை ஒன்கோ:
ஆபத்துக் காலம் இரண்டு. நோய் கண்டுபிடித்த முதல் சில மாதங்களில் புற்றுநோயே இரத்தத்தை இலகுவில் உறைய வைக்கும். இது நுரையீரல், கணையம், இரைப்பைப் புற்றுநோய்களில்தான் கூடுதல். சிஸ்பிளாட்டின் இரத்தக்குழாயின் உட்சுவரையும் கெடுக்கும். வாந்தி எடுத்து, நம்மூர் வெயிலில் நீர் வற்றினால் இன்னும் மோசம். இரண்டாவது காலத்தைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறோம்: கதிர்வீச்சுப் பட்ட கழுத்து நாடி வருடங்கள் கழித்துச் சுருங்கும். புற்றுநோய் மாறிவிட்டதென்று கிளினிக்கை விட்டவருக்கும் பிரஷர், கொலஸ்ட்ரோல், சீனி பார்க்க வேண்டும். தேவையென்றால் கழுத்துக்கு டொப்ளர் என்ற இரத்தக்குழாய் ஸ்கான். புகையிலை வெற்றிலை கூடவே கூடாது.

களுவாஞ்சிக்குடித் தாதி:
பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டால்?

வாவிக்கரை:
அப்போதும் அன்றைக்கே போக வேண்டும். அடுத்தது பெரிதாக வரலாம். 1990 அம்புலன்ஸுக்கு அடித்து, சீ.டி. உள்ள வைத்தியசாலை என்று சொல்லுங்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து வருகிறவர்கள் இடையில் தனியார் கிளினிக்கில் இறங்கி நேரத்தை விடுகிறார்கள். இரத்தக் கட்டி கரைக்கும் ஊசிக்கான 4.5 மணித்தியாலம், கடைசியாக நல்லாக இருந்ததைக் கண்ட நேரத்திலிருந்து எண்ணப்படும். காலையில் எழும்பும்போதே கை விழுந்திருந்தால் இரவு படுத்த நேரத்தைத்தான் சொல்ல வேண்டும். பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே என்றால் அந்த ஊசி பொதுவாகப் போடமாட்டார்கள். ஆனால் பெரிய நாடி அடைத்திருந்தால் கம்பி விட்டு இரத்தக் கட்டியை எடுக்கலாமா என்று கேட்க இடமிருக்கிறது. டயக்னோசிஸ் காட், கடைசிக் கீமோத் திகதி, இரத்தம் உறையாமைக்கு எடுக்கும் மருந்தின் பெயர் மூன்றும் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

கல்முனை ஒன்கோ:
வீட்டில் மீற்றர் இருந்தால் வண்டி வரும்வரை சீனியையும் குத்திப் பாருங்கள். சீனி இறங்கினாலும் இதே கோலம்தான் காட்டும்.