ஃபயேட் கவுண்டியில் எட்டுக் கிளைக் கொம்புள்ள ஓர் ஆண் மான்: இந்த ஆண்டு சுடலாமா, விடலாமா?

பரண்வாசி (ஹூஸ்டன்)

டெக்சஸில் நவம்பர் முதல் சனிக்கிழமை மான் வேட்டையின் துப்பாக்கிப் பருவம் தொடங்குகிறது. ஃபயேட் கவுண்டியில் லா கிரேஞ்சுக்குத் தெற்கே 180 ஏக்கரை வேட்டைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறேன். பாதி மேய்ச்சல் நிலம், மீதி ஓக் மரங்களும் யாப்பான் புதரும். ஆகஸ்ட் நடுவில், சோளத் தீவனப் பெட்டி அருகே, இரண்டு ட்ரெயில் கேமராக்களை (விலங்கு கடந்தால் தானே படம் எடுப்பவை) கட்டினேன். நான்கு கலைகள் வருகின்றன. (ஆண் மானுக்குக் கலை, பெண் மானுக்குப் பிணை என்று நம்மிடமே நல்ல சொற்கள் இருப்பதால் அவற்றையே எழுதுகிறேன்.)

மூன்று இளசுகள் என்பதில் ஐயமில்லை. நான்காவதுதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. எட்டுக் கிளை. கொம்புகள் காது நுனிகளைத் தாண்டி இருபுறமும் ஒரு விரற்கடை தெரிகின்றன. ஆகவே எங்கள் கவுண்டியின் 13 அங்குல விதிப்படி (கொம்புகளின் உள்ளகலம் அவ்வளவாவது இருக்கவேண்டும்) சுடலாம் என்று நினைக்கிறேன். நெஞ்சு ஆழமாக இருக்கிறது. ஆனால் இடுப்பு ஒட்டி மேலேறி நிற்கிறது, கால்கள் நீளமாகத் தெரிகின்றன. எனக்கு மூன்றரை வயது என்று படுகிறது. உடன் வரும் நண்பர் நான்கரை என்று அடித்துச் சொல்கிறார். நான்கரை ஆகாத கலையைச் சுடுவதில்லை என்று சென்ற ஆண்டே முடிவு செய்தேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கொங்குச் சந்தை (ஆஸ்டின்)

தம்பி, நீங்கள் எழுதியதை வைத்தே சொல்கிறேன், மூன்றரை. கட்டைவிரலால் கொம்பை மறைத்துக்கொண்டு படத்தைப் பாருங்கள். கொம்பு கண்ணை மயக்கும், உடல் மயக்காது. ஒன்றரை வயதுக் கலை என்பது கொம்பு முளைத்த பிணைதான்: மெல்லிய கழுத்து, குச்சிக் கால். இரண்டரையிலும் கால் நீளம் குறையாது. மூன்றரையில் நெஞ்சு இறங்கிவிடும், இடுப்பு மட்டும் இறங்காது. பந்தயக் குதிரையின் வடிவம். நான்கரையில் இடுப்புக் கோடும் நெஞ்சுக் கோடும் ஒரே மட்டத்துக்கு வரும், கால்கள் உடலுக்கு அளவாகத் தெரியும். ஐந்தரைக்கு மேல் வயிறு தொங்கி, முதுகு சற்றே குழிந்து, கால் குட்டையானதுபோல் தோன்றும்.

என் தந்தை மாட்டுச் சந்தைக்குப் போனால், இருபது அடி தூரத்தில் நின்று மாட்டைச் சுற்றி வந்த பிறகுதான் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். இரண்டு பல், நான்கு பல், ஆறு பல் என்று அவர் முன்கூட்டியே மனத்தில் போட்ட கணக்கு பெரும்பாலும் தப்பாது. மானுக்கும் அந்தக் கண் வேண்டும். ஒரு நாளில் வராது, வரும்.

மாறன் (மேடிசன், விஸ்கான்சின்)

சந்தை அண்ணா, உங்கள் தந்தையால் வாயைத் திறந்து பார்த்துக் கணக்கைச் சரிபார்க்க முடிந்தது. எண்பது அடிக்கு அப்பால் புதரோரம் நிற்கும் மானிடம் அதைச் செய்ய முடியாது. வயது உறுதியாகத் தெரிந்த கலைகளின் படங்களை மான் உயிரியலாளர்களிடமே காட்டிக் கேட்ட ஆய்வு ஒன்று 2014இல் வெளிவந்தது. மிகச் சரியான வயதைச் சொன்ன விடைகள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல். அதுவே தொழிலாக இருப்பவர்களின் நிலை அது. நாமோ இரவு கேமராவில் சாம்பல் நிறமாகப் பதிந்த படத்தை வைத்துக்கொண்டு மூன்றரையா நான்கரையா என்று வழக்காடுகிறோம்.

பரண்வாசி, அந்தக் கலை சட்டத்துக்கு உட்பட்டது, உங்கள் வீட்டுக்கு இறைச்சி வேண்டும் என்றால் எடுங்கள். உங்களிடம் இருப்பது 180 ஏக்கர். வளர்ந்த கலையின் நடமாட்டமோ பல நூறு ஏக்கர். நீங்கள் விட்டதை வேலிக்கு அப்பால் இருப்பவர் எடுப்பார்.

கொங்குச் சந்தை (ஆஸ்டின்)

அந்த ஆய்வை நானும் அறிவேன், தம்பி. அது துல்லியமான ஆண்டைக் கேட்கிறது. எனக்குத் துல்லியமான ஆண்டு தேவையில்லை. இளசா, நடுவயதா, முதிர்ந்ததா என்ற மூன்று கூறு போதும். நான்கரையை ஐந்தரை என்று நினைத்தால் யாருக்கும் இழப்பில்லை. இரண்டரையை நான்கரை என்று நினைப்பதுதான் பிழை.

அந்தப் பிழையை நான் செய்திருக்கிறேன். டெக்சஸுக்கு வந்த புதிது. நவம்பர் நடுவில், இணைசேரும் பருவத்தின் உச்சத்தில், கழுத்து நெஞ்சோடு சேர்ந்து உரல்போல் பருத்த ஒரு கலை பரணுக்கு எதிரே வந்தது. முதிர்ந்தது என்று நம்பிச் சுட்டேன். பிறகு கீழ்த்தாடையைப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றரை வயதில் மூன்று முகடுகளோடு இருக்கும் மூன்றாவது முன்கடைவாய்ப்பல் விழுந்து, இரண்டு முகடுள்ள புதுப் பல் முளைத்திருந்தது. கடைவாய்ப் பற்களின் உள்விளிம்பு கத்திபோல் கூர்மையாகவே இருந்தது. இரண்டரை வயது. அந்தத் தாடையை இன்னும் என் மேசையில் வைத்திருக்கிறேன். பருவ உச்சத்தில் கழுத்தை வைத்து வயது சொல்லக்கூடாது என்பதை அதுதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. இடுப்பையும் காலையும் பாருங்கள் என்று நான் மீண்டும் மீண்டும் சொல்வது அதனால்தான்.

வானதி (டாலஸ்)

நீங்கள் இருவரும் வயதில் நிற்கிறீர்கள். நான் அதற்கு முந்தைய கேள்வியைக் கேட்கிறேன். ஆகஸ்டில் சோளத் தீவனப் பெட்டியின் கீழே நிற்கும் கலை நவம்பரில் அங்கே இருக்குமா?

கோடையில் கலைகள் கூட்டமாகத் திரியும். ஆகஸ்ட் இறுதியிலிருந்து செப்டம்பர் நடுவுக்குள் கொம்பின் மேலிருக்கும் மெத்தென்ற தோல் உரிந்துவிடும். அத்துடன் கூட்டமும் பிரியும். சில கலைகள் கோடை இடத்தையே விட்டு வேறு பக்கம் போய்விடும். ஓக் கொட்டை உதிரத் தொடங்கினால் சோளத்தை மதிக்காது. தோலோடு இருக்கும் கொம்பு உண்மை அளவைவிடப் பருத்துத் தெரியும் என்பதையும் மறக்காதீர்கள். தம்பி சொல்லும் அந்த விரற்கடை செப்டம்பரில் குறையக்கூடும். ஓராண்டு கோடை முழுவதும் ஒரு கலைக்குப் பெயர் வைத்து, படங்களைச் சேர்த்து, நாள்குறிப்பு எழுதினேன். செப்டம்பர் இறுதிக்குப் பிறகு அதை நான் பார்க்கவே இல்லை.

கேமராவை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நடக்காமல் கேமராவை மட்டும் நம்புவதைத்தான் வேண்டாம் என்கிறேன். செப்டம்பர் இறுதியில் ஒரே ஒரு நாள், நண்பகலில், காற்று உங்கள் முகத்தில் அடிக்கும் திசையில் நடங்கள். கொம்பு உரசிய மரங்களைப் பாருங்கள். பெரிய கலை சிறு செடியிலும் உரசும். ஆனால் முன்கை பருமனுள்ள மரத்தில் பட்டை உரிந்திருந்தால் அது பெரும்பாலும் சிறுசின் வேலை அல்ல. மேய்ச்சல் நிலத்தோரம் தாழ்ந்த கிளைக்குக் கீழே குளம்பால் மண்ணைக் கீறிய இடங்கள் அக்டோபரில் தோன்றும். எந்தப் பாதை எந்த ஓக் தோப்புக்குப் போகிறது என்று தெரிந்துகொண்டால் பரண் எங்கே கட்டுவது என்ற கேள்விக்கு விடை கிடைக்கும். அதற்குப் பிறகு வயதைப் பேசலாம்.

மாறன் (மேடிசன், விஸ்கான்சின்)

வானதி அக்கா சொல்வதை முழுமனத்தோடு ஏற்கிறேன். அரிசோனா 2022 தொடக்கத்தில் வேட்டைக்கு உதவும் ட்ரெயில் கேமராக்களை அடியோடு தடை செய்தது. வறண்ட நாட்டில் ஒவ்வொரு நீர்க்குட்டையிலும் கேமரா நின்றால் விலங்குக்கு ஒதுங்க இடமேது?

ஆனால் "விட்டுவிடு, வளரட்டும்" என்ற கொள்கையில் எனக்குள்ள மறுப்பு இதைவிடப் பெரிது. எங்கள் மாநிலத்தில் 2002இல் மான்களின் நாட்பட்ட நலிவு நோய் கண்டறியப்பட்டது. மருந்து இல்லை. தொற்றிய மான் பிழைப்பதில்லை. தென்மேற்கு விஸ்கான்சினில் வளர்ந்த கலைகளிடம் இந்த நோய் பிணைகளைவிட அதிகம். கலைகள் தொலைவு அலைகின்றன, பல மான்களோடு உரசுகின்றன, வயது ஏற ஏறத் தொற்றுக்கு வாய்ப்பும் ஏறுகிறது. மிசோரி மாநிலம், நோய்ப் பகுதிக் கவுண்டிகளில், இளம் கலைகளைக் காக்கும் கிளை எண்ணிக்கை விதியையே நீக்கியது. இளம் கலை இடம்பெயரும்போது நோயையும் சுமந்து போகும் என்பது அதற்கொரு காரணம். முதிர்ந்த கலைகளைப் பெருக்குவதே நல்ல பராமரிப்பு என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

கொங்குச் சந்தை (ஆஸ்டின்)

நோய் வந்த இடத்தில் மாறன் சொல்வது சரி, அங்கே நானும் காத்திருக்கமாட்டேன். டெக்சஸிலும் 2012இல் மேற்கு மலைப்பகுதியில் மியூல் என்ற வேறு இன மானிடமும், 2015இல் மெதினா கவுண்டிப் பண்ணை மானிடமும் அது தென்பட்டது. விழிப்பு வேண்டும்.

ஆனால் ஃபயேட் கவுண்டியின் கதையை அறிந்து பேசுங்கள். 13 அங்குல விதியை 2002இல் முதலில் சோதித்த ஆறு கவுண்டிகளில் ஃபயேட்டும் ஒன்று. அதற்குமுன் அங்கே சுடப்பட்ட கலைகளில் ஒன்றரை வயதுக் குட்டிகளே மிகுதி. முதிரும்வரை தப்பிய கலைகள் குறைவு. காது நுனிகளுக்கு இடையே ஏறத்தாழ 13 அங்குலம் என்பதால் எவரும் பார்த்து முடிவெடுக்கக்கூடிய எளிய அளவுகோல் கிடைத்தது. பலன் தெரிந்ததால்தான் நூற்றுக்கும் மேற்பட்ட கவுண்டிகளுக்கு அது பரவியது.

அந்த விதியிலும் குறை உண்டு, அதை நானே சொல்கிறேன். அகலக் கொம்புள்ள இரண்டரை வயதுக் கலை மாட்டிக்கொள்ளும். 12 அங்குலக் குறுகிய கொம்புள்ள ஆறரை வயதுக் கிழக்கலை சாகும்வரை தப்பிக்கும். விதி கொம்பை அளக்கிறது, வயதை அல்ல. மீதியை வேட்டைக்காரனின் கண்தான் செய்யவேண்டும்.

மாறன் (மேடிசன், விஸ்கான்சின்)

அந்தக் கடைசிப் பத்தியோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் இளையவர் ஒருவர் முதல்முறை பரணில் ஏறும்போது அவரிடம் "நான்கரை ஆகாமல் சுடாதே" என்று சொல்லாதீர்கள். அவர் எடுக்கும் முதல் மான் எதுவானாலும் அதை மதிக்கவேண்டும். என் மகள் எடுத்த முதல் கலைக்கு ஒன்றரை வயது. எங்கள் மாநிலத்தில் அது சட்டப்படி சரி. "இன்னும் வளர்ந்திருக்கும்" என்று ஒருவர் அவள் முகத்துக்கு நேராகச் சொன்னார். அவள் அடுத்த ஆண்டு வரவில்லை.

கொங்குச் சந்தை (ஆஸ்டின்)

அதைச் சொன்னவர் தவறு செய்தார், தம்பி. மகளிடம் என் வாழ்த்தைச் சொல்லுங்கள். காத்திருப்பது அவரவர் தமக்கே போட்டுக்கொள்ளும் வரம்பு. பிறர் தட்டில் அதை வைக்கக்கூடாது.

பரண்வாசி (ஹூஸ்டன்)

அக்டோபர் 12. எல்லோருக்கும் நன்றி. வானதி அக்கா சொன்னபடி செப்டம்பர் கடைசி ஞாயிறு நடந்தேன். தீவனப் பெட்டியைச் சுற்றி ஒன்றுமில்லை. வடமேற்கு மூலையில் வறண்ட ஓடையோரம் உரசிய மரங்கள் ஐந்து, அவற்றில் ஒன்று என் முன்கையைவிடப் பருமன். ஒரு கேமராவை அங்கே மாற்றினேன்.

எட்டுக் கிளைக் கலை நேற்று மாலை வெளிச்சத்தில் பக்கவாட்டில் நின்று பதிந்திருக்கிறது. தோல் உரிந்த பிறகு கொம்பு காது நுனிக்குச் சரியாக நிற்கிறது, அதற்கு மேல் இல்லை. இடுப்பு இன்னும் இறங்கவில்லை. நண்பரும் ஒப்புக்கொண்டார். இந்த ஆண்டு அதை விடுகிறேன். அதே கேமராவில் இதுவரை நான் பார்க்காத ஒரு கலை, இரவு இரண்டு மணிக்கு, தலையைத் தாழ்த்தி நடந்து போகிறது. ஆறு கிளைதான், கொம்பு குறுகல். வயிறு தொங்குகிறது.

வானதி (டாலஸ்)

அந்த முன்கை பருமன் மரம் யாருடையது என்று இப்போது தெரிகிறது.

பரண்வாசி (ஹூஸ்டன்)

13 அங்குலம் இல்லை, அக்கா. அதைத் தொட முடியாது. பக்கத்து நிலத்துக்காரரிடம் போய் இரண்டு படங்களையும் காட்டினேன். எட்டுக் கிளையைத் தானும் விடுவதாக அவர் வாக்குக் கொடுக்கவில்லை, யோசிக்கிறேன் என்றார். பிணைக்கு அனுமதியுள்ள நாட்களில் ஒரு பிணையை எடுத்து வீட்டுக்கு இறைச்சி கொண்டுபோவேன். கழுத்து நிணநீர்க்கணு மாதிரியை நலிவு நோய்ச் சோதனைக்கு அனுப்புகிறேன், மாறன் அண்ணா. தாடையை வெட்டி எடுத்துவந்து, ஆஸ்டின் அண்ணாவிடம் வயது கேட்கிறேன்.