அத்தையின் பல்செட்டுக்குள் இரண்டு ஈஸ்ட்: உங்கள் வீட்டிலும் இப்படி நடந்ததா?

திருமங்கலம் மருமகள்

என் மாமியாருக்கு 71 வயது. சர்க்கரை உண்டு. மேல்வரிசை முழுக்கப் பல்செட். போன தை மாதம் "ஏத்தா, ரசம் பட்டாலே அண்ணமெல்லாம் தீயா எரியுதுத்தா" என்றார். வாய்ப்புண் என்றால் எங்கள் வீட்டில் மணத்தக்காளிதான். கீரை, சூப், வற்றல் என்று மூன்று வாரம் ஓடியது. ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு நாள் பல்செட்டைக் கழற்றச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். அண்ணம் செக்கச்செவேல் என்று இருந்தது. அந்தச் சிவப்பு பல்செட்டின் விளிம்பு வரை வந்து, கோடு கிழித்தாற்போல் நின்றிருந்தது. வெள்ளையாக எதுவும் படியவில்லை. பூஞ்சை என்று யாருக்கும் தோன்றாததற்கு அதுதான் காரணம்.

பல் டாக்டர் பூஞ்சையை அடக்கும் ஃப்ளூகோனசோல் மாத்திரை கொடுத்தார். எரிச்சல் அடங்கியது. பங்குனி பிறப்பதற்குள் திரும்பி வந்துவிட்டது. மதுரையில் ஒரு லேபில் வாயிலிருந்து எடுத்த மாதிரியைக் கொடுத்துப் பார்த்ததில் கேண்டிடா அல்பிகன்ஸ் என்று ஒரே ஒரு ஈஸ்ட்டின் பெயர். மறுபடி மாத்திரை, மறுபடி எரிச்சல். வேறொரு இடத்தில் கொடுத்தபோது இரண்டு பெயர் வந்தது: அல்பிகன்ஸ், கூடவே கிளாப்ராட்டா. அத்தையிடம் சொன்னேன். "துணைக்கு ஆள் வேற கூட்டியாந்துருச்சா?" என்று கேட்டார். முதல் ரிப்போர்ட்டில் இன்னொன்று எப்படித் தப்பியது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லேப்காரன், அண்ணா நகர்

அக்கா, அதில் வேண்டுமென்று செய்த தப்பு எதுவும் இருக்காது. பூஞ்சை வளர்க்கும் சாதாரண சபரோ தட்டில் இரண்டுமே தயிர்த்துளி மாதிரி வெளுப்பாகத்தான் வளரும். ஒரு துளியை எடுத்து சீரத்தில் (ரத்தத்தின் தெளிந்த நீர்) போட்டு, 37 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். அல்பிகன்ஸ் என்றால் முளைகட்டிய பாசிப்பயறு போல ஒரு வால் நீட்டும். வாலைப் பார்த்ததும் பெயரை எழுதிவிடுவார்கள். கிளாப்ராட்டா முளைக்காது. அது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் யாருக்கும் தெரியாது. நிறம் காட்டும் குரோம் அகார் தட்டில் போட்டால்தான் குட்டு வெளிப்படும். இரண்டு நாளில் அல்பிகன்ஸ் பச்சையாக வரும், கிளாப்ராட்டா இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்தாற்போல் வரும். முதன்முதலில் ஒரே தட்டில் இரண்டு நிறத்தையும் பார்த்த அன்று நான் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இவற்றின் கூட்டு வேடிக்கையானது. சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் பார்த்திருப்பீர்கள். அகத்தியைப் பிடித்துக்கொண்டுதான் வெற்றிலை ஏறும். இங்கே அல்பிகன்ஸ் இழை விடுகிறது. இழை விடத் தெரியாத கிளாப்ராட்டா, அந்த இழைமேல் இருக்கும் ஒட்டும் புரதங்களைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. (கிளாப்ராட்டா கொடி இல்லை, வெறும் உருண்டை. உவமை பாதிதான் பொருந்தும்.) மாத்திரை கொடுத்ததும் அல்பிகன்ஸ் அடங்கிவிடும். கிளாப்ராட்டா ஃப்ளூகோனசோலுக்கு அவ்வளவு லேசில் மசியாது.

இன்னொன்று. பெயரில்தான் இரண்டும் கேண்டிடா. கிளாப்ராட்டாவுக்கு அல்பிகன்ஸைவிட ரொட்டி ஈஸ்ட்தான் நெருங்கிய சொந்தம். அதனால் இப்போது வகைப்பாட்டில் அதை நாகசியோமைசஸ் என்ற வேறு பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

எல்லா ஈஸ்ட்டும் இப்படிக் கூட்டு சேர்வதில்லை. வாயில் பிச்சியா என்ற இன்னொரு ஈஸ்ட் இருக்கும் இடத்தில் கேண்டிடா குறைவாக இருக்கிறது என்று 2014இல் ஒரு ஆய்வு வந்தது. எச்ஐவி உள்ளவர்களின் வாயில் பார்த்தது அது. பிச்சியாவை வளர்த்த நீரே கேண்டிடாவை அடக்கியதாம்.

மேலூர்

எனக்குப் பல்செட் கிடையாது, ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர். இழுத்துவிட்டு அப்படியே படுத்துவிடுவேன். நாக்கில் வெள்ளை படிந்து, சாப்பாட்டில் ருசியே தெரியாமல் போனது. இப்போது இழுத்ததும் கொப்பளித்துத் துப்புகிறேன், பிறகு வரவில்லை. என் சந்தேகம் வேறு: இட்லி மாவு புளிக்கவும் ஈஸ்ட் காரணம் என்கிறார்களே, அதை நிறுத்த வேண்டுமா?

லேப்காரன், அண்ணா நகர்

இட்லியை வேகவைத்துத்தானே அண்ணே சாப்பிடுகிறீர்கள்? ஆவியில் அது தாங்காது. நல்ல ஆரோக்கியமானவர்களிலேயே கிட்டத்தட்ட பாதிப் பேர் வாயில் கேண்டிடா சும்மா குடியிருக்கும். இட்லியை விட்டுவிடுங்கள், பாவம்.

அக்கா, பூஞ்சைக்கு நிஸ்டாடின் என்ற மருந்து கொடுத்திருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷையும் அதையும் அடுத்தடுத்து வாயில் விட வேண்டாம். ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுத்துவிடும். நடுவே அரை மணி நேரமாவது போகட்டும்.

திருமங்கலம் மருமகள்

நன்றி தம்பி, நிஸ்டாடின்தான். நாங்கள் இரண்டையும் ஒரே மூச்சில் முடித்துக்கொண்டிருந்தோம்! டாக்டரும் மருந்தைவிடப் பல்செட்டைப் பற்றித்தான் அதிகம் பேசினார். பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும், கீறலுக்குள் இவை ஒளிந்துகொள்ளும், சோப்பு நீரும் மெல்லிய பிரஷும் போதும் என்றார். ராத்திரி கட்டாயம் கழற்ற வேண்டுமாம். அத்தை 9 வருடமாகக் கழற்றாமல் தூங்கியவர்.

நாற்பது நாள் கழித்து மறுபடி மாதிரி எடுத்துக் கொடுத்தோம். தட்டில் நாலைந்து பச்சைப் புள்ளி மட்டும். எரிச்சல் இல்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்றுவிட்டார் டாக்டர். இப்போது பல்செட் ராத்திரி டப்பாவில் கிடக்கிறது. ஒன்பது மணிக்கு மேல் துபாயிலிருந்து பேத்தி வீடியோ காலில் வந்தால் மட்டும் அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பேசுகிறார்.