எட்டாம் எண் கழிக்கு எட்டாம் எண் லைன் என்று நம்பிய கதை

அபர்டீனிலிருந்து:

ஃப்ளையை, அதாவது கொக்கியில் இறகு கட்டிய போலி இரையை, வீசிச் சால்மன் பிடிக்கும் இரு கைக் கழி கைக்கு வந்து நான்காவது பருவம் நடக்கிறது. மீன் கணக்கைக் கேட்காதீர்கள். லைன் கணக்கைச் சொல்கிறேன். நான்கு வாங்கினேன், அதில் இரண்டு தண்டம். அந்த இரண்டின் கதையை எழுதினால் இன்னொருவருக்காவது பணம் மிஞ்சும். மற்றவர்களும் தத்தம் ஆற்றில் பட்டதை எழுதுங்கள்.

கழி 13 அடி, 8ஆம் எண். எண் என்பது கழியின் வலு, அது கேட்கும் லைனின் கனம். என்னோடு வேலை பார்த்த ஒருவர் ஓய்வுபெற்று ஊர் திரும்பும்போது ரீலோடு சேர்த்து என்னிடம் விட்டுச் சென்றது. லைன் மட்டும் இல்லை. கடைக்குப் போய் எட்டாம் எண் கழிக்கு லைன் வேண்டும் என்றேன். கடைப் பையன் எட்டு என்று போட்ட பெட்டியை எடுத்துக் கொடுத்தான். செருப்பு வாங்குவதைப் போல இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. ஒரு கைக் கழியா, இரு கைக் கழியா என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிப்ரவரி 1, ஸ்காட்லாந்தின் டீ ஆற்றில் சால்மன் பருவம் திறக்கும் நாள். பான்கரிக்கு மேலே இடுப்பளவு தண்ணீரில் நின்று காலை முழுவதும் வீசினேன். கழி வளையவே இல்லை. லைன் எல்லாம் என் முன்னால் இடியாப்பமாகக் குவிந்தது. மதியம் கில்லி வந்தார். ஆற்றோரம் மீன்பிடிப்பவர்களுக்குத் துணை நிற்பவரை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். கேலிக் மொழியில் 'பையன்' என்று பொருள். எங்கள் பையனுக்கு எழுபது வயதிருக்கும். கழியை வாங்கி ஒரே ஒரு முறை ஆட்டிப் பார்த்தவர், "லைன் மாட்ட மறந்துவிட்டாயா?" என்றார்.

எண் ஒன்றுதான், பொருள் வேறு என்பது அன்றுதான் புரிந்தது. ஒரு கைக் கழிக்கான எட்டாம் எண் லைனில் முதல் 30 அடியின் எடை 210 கிரெயின், அதாவது பதின்மூன்றரை கிராம் சொச்சம். என் கழி கேட்டதோ முப்பத்து மூன்று முதல் முப்பத்தாறு கிராம். இரட்டை மாடு பூட்ட வேண்டிய வண்டியில் ஆட்டுக்குட்டியைப் பூட்டி ஓட்டியிருக்கிறேன். இரு கைக் கழியால் வீசும் ஸ்பே வீச்சில் லைனைப் பின்னால் முழுதாக நீட்டுவதில்லை. நுனி மட்டும் தண்ணீரைப் பிடித்துக்கொள்ள, மீதி நமக்குப் பின்னே ஒரு வளையமாகத் தொங்கும். அந்த வளையத்தின் கனம்தான் கழியை வளைக்க வேண்டும். கனம் இல்லையென்றால் தோள்தான் வளையும். எனக்கு வளைந்தது.

கிரெயின் என்பது வாற்கோதுமை மணியிலிருந்து வந்த அளவு. நம் பொற்கொல்லர்கள் குன்றிமணியை வைத்து நிறுத்ததைப் போலத்தான். ஒரு கிராமுக்குப் பதினைந்தரை கிரெயின் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் பெட்டியில் எந்த அளவு போட்டிருந்தாலும் கவலை இல்லை.

சூடு கண்ட பூனையாக அடுத்து எதிர்த்திசையில் ஓடினேன். 600 கிரெயின், 24 அடி நீளமுள்ள ஸ்காஜிட் ஹெட். லைனின் கனமான முன்பகுதியைத்தான் ஹெட் என்பார்கள்; ஸ்காஜிட் அதில் குட்டையான, தடித்த வகை. கனம் வேண்டும் என்றார்களே, இதோ கனம். அதன் நுனியில் லீடரை, ஃப்ளையைக் கட்டும் மெல்லிய இழையை, நேராகக் கட்டி மே மாதத்துத் தெளிந்த தண்ணீரில் வீசினேன். ஒவ்வொரு வீச்சும் தென்னை மட்டை விழுந்தது போல் ஒலித்தது. பாதி வீச்சுகளில் நுனி தண்ணீரைப் பிடிக்காமல் பிய்த்துக்கொண்டு வந்தது; ஒரு முறை ஃப்ளை காதோரம் விர்ரென்று போனது. கண்ணாடி அணியாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள், இதை மட்டும் அதட்டியே சொல்கிறேன்.

மூன்றாவது லைனை வாங்குவதற்கு முன் நகைத் தராசு ஒன்று வாங்கினேன். 36 அடி, 34 கிராம் ஸ்காண்டி ஹெட், ஸ்காஜிட்டைவிட நீண்டு மெலிந்த வகை. அதன் நுனியில் கழியைவிடச் சற்று நீளமாக 15 அடி லீடர். முதல் மாலையே கழி கைப்பிடி வரை வளைந்ததை உணர்ந்தேன். பத்தாம் எண் சிறு ஃப்ளையில் எட்டு பவுண்டு மதிக்கத்தக்க மீன் ஒன்று பிடித்தது. தண்ணீருக்குள்ளேயே கொக்கியைக் கழற்றிவிட்டேன். அது வாலை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போன இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சியாட்டிலிலிருந்து:

ஸ்காஜிட் ஹெட்டைத் தண்டம் என்று எழுதிவிட்டீர்களே, அந்தப் பெயருள்ள ஆற்றுக்கு ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருப்பவன் எப்படிச் சும்மா இருப்பது? குறை லைனில் இல்லை, நுனியில். ஸ்காஜிட் ஹெட்டின் முனையில் பத்துப் பன்னிரண்டு அடிக்கு ஒரு டிப், தனியாக மாட்டும் நுனித் துண்டு, இருந்தே ஆக வேண்டும். மூழ்கும் டிப்போ மிதக்கும் டிப்போ, ஏதோ ஒன்று. அதுதான் தண்ணீரைப் பிடிக்கும் நங்கூரம். நீங்கள் நங்கூரம் இல்லாமல் கப்பலை நிறுத்தப் பார்த்திருக்கிறீர்கள்.

இங்கே குளிர்காலத்து ஸ்டீல்ஹெட் மீனுக்குக் கோழிக்குஞ்சு அளவுள்ள ஃப்ளையை ஆழத்தில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ராக்போர்ட்டில் சாக் ஆறு வந்து ஸ்காஜிட்டில் கலக்கிறது. அங்கே கரையில் நின்றால் முதுகில் மரக்கிளை இடிக்கும். பின்னால் இடம் கிடையாது, நுனியில் ஈரக் கோழிக்குஞ்சு. ஸ்காண்டி ஹெட்டைக் கொண்டு அதைத் தண்ணீரிலிருந்து கிளப்பவே முடியாது. குட்டையான, தடித்த ஹெட் இந்த ஆற்றங்கரையில் பிறந்தது அதனால்தான். நுனி தண்ணீரில் நிதானமாக ஊன்றியிருக்க, அவசரப்படாமல் கழியைச் சுற்றி வந்து வீசலாம். கற்றுக்கொள்பவருக்கு இதைவிடப் பொறுமையான லைன் கிடையாது என்பேன்.

நான் செய்த தவறு டிப்பில். டி-11, டி-14 என்றால் அடிக்கு 11 கிரெயின், 14 கிரெயின். பத்தடி டி-14 என்றால் 140 கிரெயின், ஒன்பது கிராம். அந்த எடையை ஹெட்டின் எடையிலிருந்து கழிக்க வேண்டும் என்று நானாக ஒரு கணக்குப் போட்டு 450 கிரெயின் ஹெட் வாங்கினேன். கழிக்கக் கூடாது. கழிக்குப் பரிந்துரைக்கும் ஸ்காஜிட் எடை ஹெட்டுக்கு மட்டுமானது. மெலிந்த ஹெட் கனத்த டிப்பைத் தூக்க முடியாமல் திணறியதில் ஒரு குளிர்காலம் போயிற்று. இப்போது அதே 13 அடி எட்டாம் எண் கழியில் 570.

இன்னொன்று. ஸ்டீல்ஹெட் வேறொன்றும் இல்லை, கடலுக்குப் போய்த் திரும்பும் ரெயின்போ டிரவுட். நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட அதே இனம். ஊட்டிக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது நம்பவே மாட்டேன் என்றார். ஸ்காஜிட்டில் 2010க்குப் பிறகு மூடிக் கிடந்த வசந்தகால ஸ்டீல்ஹெட் பருவம் 2018 ஏப்ரலில்தான் மறுபடி திறந்தது. ஆண்டுதோறும் திறப்பார்களா என்று காத்திருப்பதே பாதி வாழ்க்கை.

ட்ரொன்ட்ஹெய்மிலிருந்து:

அபர்டீன் அண்ணா தராசு வாங்கியது மெத்தச் சரி. நோர்வேயில் எல்லோரும் கிராமில்தான் கதைப்பார்கள். ஸ்காண்டி ஹெட்டோடு இங்கே பழகும் கீழ்க்கை வீச்சைச் சுவீடன்காரரான கோரன் ஆண்டர்சன் பரப்பினார். பெயருக்கேற்றபடி கீழ்க்கைதான் வேலை செய்யும், மேற்கை சும்மா தாங்கிப் பிடிக்கும். எனக்குப் பிடிபட இரண்டு கோடைகள் எடுத்தன.

எடையைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டீர்கள். நான் பட்டது அடர்த்தியில். காவ்லா ஆற்றில் அந்த ஆண்டு ஜூன் 1 அன்று பருவம் தொடங்கியபோது மலைப்பனி உருகி வந்த தண்ணீர் கரை தட்டி ஓடியது. என்னிடம் இருந்ததோ மிதக்கும் ஹெட் ஒன்று மட்டும். ஃப்ளை மேற்பரப்பில் பேருந்து வேகத்தில் ஓடியது, கீழே கிடக்கும் மீனுக்கு அது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. பக்கத்தில் நின்ற கிழவர் மூன்று அடர்த்தி கலந்த ஹெட் வைத்திருந்தார். பின்பகுதி மெதுவாகவும் நுனி வேகமாகவும் மூழ்கும். முழுதும் ஒரே வேகத்தில் மூழ்கும் லைனைத் தண்ணீரிலிருந்து உருவி எடுக்க முதுகு வேண்டும். இதில் நுனி ஆழத்தில் நிற்கும், பின்பகுதி மேலே கிடக்கும், கிளப்புவது எளிது. இப்போது என் பையில் ஒரே எடையில் இரண்டு ஹெட்டுகள், ஒன்று மிதப்பது, ஒன்று மூழ்குவது. எடை ஒன்றாக இருந்தால் கையின் தாளம் மாறாது.

ரன்னிங் லைன் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. ஹெட்டுக்குப் பின்னால் ஓடும் மெல்லிய லைனை நைலான் இழையாக எடுத்தால் தூரம் போகும், ஆனால் ரீலில் சுருண்ட நினைவை விடாது. வீசுமுன் கையால் இழுத்து நிமிர்த்த வேண்டும். குளிரில் விரல் விறைத்தவர்களுக்கு மேலுறை பூசியதே நல்லது. நான்கைந்து மீட்டர் குறைந்தாலும் பிடி வழுக்காது.

வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு ஒன்று: கைரோடாக்டிலஸ் என்ற ஒட்டுண்ணிக்குப் பயந்து இங்கே லைன், ரீல், காலணி எல்லாவற்றையும் தொற்றுநீக்கிய பிறகே ஆற்றில் இறங்க விடுவார்கள். ரீலில் இருக்கும் லைனையும் சேர்த்துத்தான். 2024 ஜூன் 23 அன்று மீன் வரத்துக் குறைந்ததால் 33 ஆறுகளில் சால்மன் பிடிப்பதை நிறுத்தினார்கள், காவ்லாவும் அதில் ஒன்று. புதிதாக வாங்கிய ஹெட் அந்தக் கோடை முழுக்கப் பெட்டியிலேயே கிடந்தது.

இன்வர்னஸிலிருந்து:

தம்பிகள் எல்லோரும் குட்டை ஹெட் கட்சி. கிழவன் ஒருவன் நீள லைனுக்காகப் பேசுகிறேன்.

கிராண்டவுனில் ஸ்பே ஆற்றில் 15 அடிக் கழியும் 65 அடி ஹெட்டுள்ள லைனும் வைத்துப் பல ஆண்டுகளாக வீசி வருகிறேன். கற்க நாளாகும், இல்லை என்று சொல்லவில்லை. பின்னால் இடமும் வேண்டும். ஆனால் பிப்ரவரியில் என் பக்கத்தில் நின்று பாருங்கள். குட்டை ஹெட் வைத்திருப்பவர் ஒவ்வொரு வீச்சுக்கும் இருபது மீட்டர் ரன்னிங் லைனைக் கையால் இழுக்கிறார். இழுத்த லைனோடு வரும் தண்ணீர் கழியின் வளையங்களில் உறைந்து அடைக்கிறது. பத்து வீச்சுக்கு ஒரு முறை பனியை நகத்தால் சுரண்டிக்கொண்டு நிற்கிறார். நான் ஓரிரு முறை இழுத்துவிட்டு அப்படியே கிளப்பி வீசுகிறேன்.

தண்ணீரில் விழுந்த பிறகும் நீள லைனை ஆள முடியும். நீரோட்டம் லைனின் நடுவயிற்றை வளைத்து இழுக்கும்போது கழியால் அதைத் தூக்கி மேலோட்டத்தில் போட்டால் ஃப்ளை நிதானமாக நீந்தும். ஹெட் தூரத்தில் கிடக்க, நடுவில் நூல் போன்ற ரன்னிங் லைன் இருந்தால், அதைத் தூக்கிப் போட்டு என்ன பயன்? ஹெட்டுக்குச் சேதியே போய்ச் சேராது.

அபர்டீன் தம்பிக்கு ஒரு கேள்வி. அந்தக் காதோரம் போன ஃப்ளை, அன்று காற்று எந்தப் பக்கம்? கீழ்நோக்கி அடிக்கும் காற்றில் மேலோட்டத்துத் தோள் பக்கம் வளையம் போட்டிருந்தால் எந்த லைனாக இருந்தாலும் காதுக்குத்தான் வரும். அப்போது கீழோட்டத்துத் தோள் பக்கம் வளையம் விழும் டபுள் ஸ்பே வீச்சைப் போட வேண்டும். பழியைப் பாவம் ஸ்காஜிட்டின் மேல் போட்டுவிட்டீர்கள்.

மறுபடியும் அபர்டீனிலிருந்து:

ஐயா, நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்தேன். மேற்கிலிருந்து காற்று, டீ கிழக்கே ஓடும் ஆறு. மாட்டிக்கொண்டேன்.

சியாட்டில் நண்பர் சொன்னபடி நேற்று மாலை ஸ்காஜிட் ஹெட்டில் 12 அடி மூழ்கும் டிப்பைக் கட்டி, செம்புக் குழாயில் கட்டிய கனத்த ஃப்ளையோடு வீசிப் பார்த்தேன். தென்னை மட்டைச் சத்தம் இருக்கிறதுதான். ஆனால் போகிறது, நேராகப் போகிறது. ஆகவே தண்டக் கணக்கு இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைந்தது. அந்த ஒன்றுக்கும், அதாவது 210 கிரெயின்காரனுக்கும், ஒன்பதடி ஒரு கைக் கழி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஐயா, உங்கள் 65 அடி லைனை ஒரு நாள் வீசிப் பார்க்கத் தருவீர்களா? ஸ்பே பிப்ரவரி 11இல் திறக்கிறது. அன்று ஞாயிறாக இருந்தால் சட்டப்படி சால்மன் பிடிக்க முடியாது, திங்களன்று வருகிறேன். 15 அடிக் கழி என்னிடம் இல்லை. தராசு இருக்கிறது, கொண்டுவருகிறேன்.